'கடைசிப் பயணம்': பெயர் அழிக்கப்பட்ட ஒரு கப்பல்

ஓய்வுபெறப்போகும் பழைய கப்பலின் கடைசிப் பயணம் ஹொலிவூட்டுக்குப் பழகிய சரக்கு. 1972இல் வெளிவந்து நன்றாகப் பணம் பண்ணிய 'பொசைடன் அட்வெஞ்சர்' படத்தில் தலைகீழாகக் கவிழ்வதும் உடைப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல்தான். அதற்குப் 12 வருடங்கள் முன்னரே, 1960இல், அன்றூ ஸ்ரோன் எழுதி இயக்கிய 'த லாஸ்ற் வோயேஜ்' (கடைசிப் பயணம்) வந்துவிட்டது. இதைப் பற்றி நாம் எழுத முனைவது இது மகத்தான படைப்பு என்பதனால் அல்ல. வசனங்கள் மோசம். பாத்திரங்கள் பெயருக்குத்தான் பாத்திரங்கள். ஆனால் மற்றப் படங்களில் இலகுவில் காணமுடியாத ஒன்று இதில் இருக்கிறது. திரையில் நாம் பார்க்கும் அழிவு மெய்யான அழிவு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'கிளாரிடன்' என்ற பயணிகள் கப்பலுக்கு வயது 38. இன்னும் ஐந்து தடவை கடலைக் கடந்தபின் உடைப்புத் துறைக்குப் போகவேண்டியது என்று தொடக்கத்திலேயே ஒரு குரல் அறிவிக்கிறது. ஆனால் அதற்கு அது போய்ச்சேரப் போவதில்லை என்பதையும் அந்தக் குரலே சொல்லிவிடுகிறது. இயந்திர அறையில் தீ. கொதிகலன் வெடித்துத் தட்டுக்களைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. யப்பானுக்குக் குடும்பத்தோடு போகும் ஓர் அமெரிக்கனின் (றொபேட் ஸ்ராக்) மனைவி (டொறத்தி மலோன்) இரும்பு உத்தரத்தின் கீழ் சிக்கிக்கொள்கிறாள். பயணிகளைப் படகில் இறக்கும் கட்டளையைக் கொடுக்கக் கப்டன் (ஜோர்ஜ் சாண்டேர்ஸ்) தயங்கிக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் ஏறுகிறது. மிச்சம் முழுவதும் அந்தப் பெண்ணை வெட்டியெடுக்க ஒரு தீச்சுவாலைக் கருவி தேடும் கதைதான்.

இனி அந்தக் கப்பலுக்கு வருவோம். ஸ்ரோன் மாதிரிக் கப்பல் செய்து தொட்டியில் மிதக்கவிடும் ஆளல்லர். உண்மையான கப்பல் ஒன்றைத் தேடினார். கிடைத்தது 'இல் து பிரான்ஸ்'. பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வாழும் எம்மவருக்கு இது பயண அட்டையில் தினமும் காணும் மாகாணப் பெயர். அந்தப் பெயரில் 43,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல் ஒன்று 1927 முதல் லு ஆவ்ர் துறைமுகத்திற்கும் நியூயோர்க்கிற்கும் இடையே ஓடியது என்பது எம்மில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது அன்றைய மிகப் பெரிய கப்பலுமல்ல, மிக வேகமானதுமல்ல. அதுவரை அத்லாந்திக் கப்பல்களின் உட்புறம் பழைய அரண்மனைகளைப் பார்த்துச் செய்யப்பட்டது. இது தனது காலத்தின் புதிய அலங்காரக் கலையைத் துணிந்து ஏற்றுக்கொண்டது. பின்னர் வந்த கப்பல்கள் இதைப் பார்த்துச் செய்தன. போர்க்காலத்தில் துருப்புக்களைச் சுமந்தது. போர் முடிந்து திருத்தப்பட்டு வந்தபோது மூன்று புகைபோக்கிகள் இரண்டாகியிருந்தன.

1956 யூலை 25ஆம் திகதி இரவு, அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனியில் 'அந்திரேயா டோரியா' என்ற இத்தாலியக் கப்பலை சுவீடன் நாட்டு 'ஸ்ரொக்ஹோம்' மோதியது. நியூயோர்க்கிலிருந்து லு ஆவ்ர் நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'இல் து பிரான்ஸ்' திரும்பி வந்தது. அதன் கப்டன் றவூல் து போதெயான் எல்லா விளக்குகளையும் ஏற்றும்படி உத்தரவிட்டார். புகைபோக்கிகளுக்கு இடையிலிருந்த பெயரின் பெரிய எழுத்துக்களும் இருளில் எரிந்தன. சரிந்துகொண்டிருந்த தட்டில் நின்றவர்கள் அந்தப் பெயரை வாசித்தார்கள். 753 பேரை அந்தக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

மூன்று வருடங்கள் கழியவில்லை. ஆகாயவிமானம் பயணிகளைப் பறித்துக்கொண்டது. கப்பல் யப்பானிய உடைப்புக்காரருக்கு விற்கப்பட்டு, 1959 பெப்ரவரியில் லு ஆவ்ரை விட்டுப் புறப்பட்டது. வழிக்கு அதற்குக் கொடுக்கப்பட்ட பெயர் 'புரான்சு மாரு'. ஒசாக்காவில் ஸ்ரோனின் குழுவினர் அதை நாளொன்றுக்கு 4,000 டொலர் வாடகைக்கு எடுத்தார்கள். ஆழமில்லாத நீரில் பாதி மூழ்கடித்தார்கள். உள்ளே வெடிவைத்தார்கள். புகைபோக்கி ஒன்றை மேல்தட்டுக் கட்டடத்தின்மீது சாய்த்தார்கள். செய்தியறிந்து பதறிய பழைய பிரெஞ்சுக் கம்பனி தலையிட்டது. கப்பலின் பெயர் படத்தில் வரக்கூடாது, புகைபோக்கிகளின் நிறத்தை மாற்றவேண்டும் என்பதே அதன் கோரிக்கை. அப்படியே செய்யப்பட்டது.

இந்த இடத்தில் நாம் சற்றுத் தரிக்கவேண்டியிருக்கிறது. கம்பனி விற்றது கப்பலை; காப்பாற்ற நினைத்தது பெயரை. உடைப்பதில் அதற்கு ஆட்சேபமில்லை, உடைபடுவது யாரென்று ஊருக்குத் தெரிவதில்தான் ஆட்சேபம். மூழ்குபவர்களுக்கு நம்பிக்கையாக இருளில் எரிந்த எழுத்துக்கள், அந்தக் கப்பல் மூழ்கும்போது துடைக்கப்பட்டன. அகதி அலுவலகங்களின் தாள்களில் தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக வெட்டி ஒட்டப்பட்டு இன்னொருவராக நடமாடும் எமக்கு இது விளங்காத விசயமல்ல.

அதே 1926இல், 'இல் து பிரான்ஸ்' நீரில் இறக்கப்பட்ட ஆண்டில், கிளாஸ்கோவில் 'ராஜுலா' கட்டப்பட்டது. சென்னையிலிருந்தும் நாகபட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு எமது சனங்களைச் சுமந்த கப்பல். அறைகள் சிலருக்கு, பாயும் பெட்டியுமாகத் தட்டில் கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1973இல் அது இந்தியக் கப்பற் கூட்டுத்தாபனத்திற்குக் கைமாறி 'ரங்காட்' ஆனது. அடுத்த வருடம் உடைக்கப்பட்டது. அதனிடத்துக்கு வந்த 'சிதம்பரம்' கப்பலும் முன்பு 'பஸ்தேர்' என்ற பிரெஞ்சுக் கப்பல்தான். 1985இல் அது தீப்பிடித்துப் பயணிகள் பலர் மாண்டார்கள். 'கடைசிப் பயணம்' காட்டும் இயந்திர அறைத் தீயைப் பார்க்கையில் எமக்கு நினைவு போவது அங்கேதான், அத்லாந்திக்கிற்கு அல்ல.

படத்திற்கே திரும்புவோம். அதில் எம்மைத் தொட்ட ஒரே மனிதர் லோசன். கறுப்பினத் தொழிலாளி; வூடி ஸ்ரோட் நடித்திருக்கிறார். போருக்குப் பின் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் இனத்தடையை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் இவர். இதே 1960இல் 'ஸ்பார்ட்டகஸ்' படத்திலும் வருகிறார். இங்கே ஏறக்குறைய படம் முழுவதும் மேற்சட்டை இல்லாமல் உலாவவிட்டிருக்கிறார் ஸ்ரோன். அவருக்கு மனைவி உண்டா, பிள்ளை உண்டா, எந்த ஊர்? படம் கேட்பதில்லை. வெள்ளைக் குடும்பம் பிழைப்பதற்காக உழைப்பதே அவருடைய முழு வரலாறு. இது அன்றைய ஹொலிவூட்டின் வழமையான கயமை. ஆனாலும், கப்டன் வாய் திறக்கத் தயங்கும் கப்பலில் செய்யவேண்டியதை யாரும் சொல்லாமலே செய்பவர் இவர் ஒருவர்தான். ஸ்ரோட்டின் முகம் அந்த அற்ப வசனங்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஸ்ரோனின் கமரா செய்த பெரிய வேலை தண்ணீரைக் காட்டியது. கடைசிப் பத்து நிமிடங்களில் மேல்தட்டில் நடிகர்கள் ஓடுவது உண்மையாகவே நீரேறிய தட்டில். மரப்பலகை வழுக்குகிறது, அவர்கள் தடுமாறுவது நடிப்பல்ல. 1997இல் 'ரைட்டானிக்' எடுத்தவர்களுக்கு முழுக்கப்பல் அளவுக்குக் கிட்டிய கட்டுமானமும் கணினியும் இருந்தன. அந்தப் படம் பிரமாண்டமானது. ஆனால் அதில் நொருங்குவது படத்திற்காகச் செய்த பொருள். இதில் நொருங்கும் சுவர்களோ 30 வருடம் மனிதர் சாய்ந்து நின்றவை.

இந்த மெய்க்கு எதிராகவே படத்தின் கதை போகிறது என்பதுதான் எமது முக்கிய குறை. கிளாரிடன் உடைப்புத் துறையின் அவமானத்திலிருந்து தப்பி நடுக்கடலில் வீரமாகச் சாகிறதாம். தொடக்கத்தில் வரும் அந்தக் குரல் எமக்குத் தரும் ஆறுதல் இது. அழகான சாவு, மெல்லத் துண்டு துண்டாகப் போவதைவிட மேல் என்ற இந்த எண்ணம் எமது சனத்திற்கும் மிகப் பிடித்தமானது. எத்தனை கவியரங்குகளில் கைதட்டியிருக்கிறோம். ஆனால் படப்பிடிப்பு முடிந்தபின் 'இல் து பிரான்ஸ்' கப்பலிலிருந்து தண்ணீர் இறைக்கப்பட்டது. அது மறுபடி மிதந்தது. இழுத்துச் செல்லப்பட்டு, முதலில் பேசியபடியே தகடு தகடாக வெட்டப்பட்டது. அந்தக் காட்சி படத்தில் இல்லை.