நன்னடத்தைப் பத்திரமும் லாரி டிரைவரும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரை எழும்பியிருக்கும் கிடங்குகளின் நிர்வாகிகளிடையே புதிய பெருமை ஒன்று பரவியிருக்கிறது. பின்னணி சரிபார்க்கப்படாத டிரைவர் எவனும் தங்கள் கேட்டைத் தாண்டமுடியாதென்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சாலைப் பாதுகாப்பு மாதமான ஜனவரி வந்தால் அதையே பதாகையாக எழுதித் தொங்கவிடவும் செய்கிறார்கள்.

இம்முறையால் நன்மையே இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. போலி லைசென்ஸ் நம் நாட்டில் கற்பனைப் பூதமன்று. லைசென்ஸ் அசல்தானா, கனரக வாகனத்துக்கு உரியதா, காலம் தீர்ந்துவிட்டதா என்பதையெல்லாம் அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். லைசென்ஸை வாங்கிப் பார்த்து, வண்டியை ஓட்டச் சொல்லித் திருப்தியடைந்த முதலாளி, அதன் மெய்ப்பொய்யை விசாரிக்க நாடெங்குமுள்ள ஆர்.டி.ஓ. ஆபீசுகளுக்கு அலையவேண்டியதில்லை என்று லேரு வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் கருணையோடு கூறிற்று. அலைச்சலே தேவைப்படாத இந்நாளில் பார்க்காமல் விடுவது சோம்பலன்றி வேறில்லை. சரக்கைக் களவாடியவனை மறுபடி வேலைக்கு வைக்கவேண்டாமென்பதும் நியாயமே.

என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியில் நான் பார்த்த படிவமொன்றில், ஆதார் எண்ணுக்கும் பழைய ஓனரின் செல்போன் எண்ணுக்கும் கீழே, “உங்கள் மீது காவல்துறை வழக்கு ஏதேனும் உண்டா?” என்ற கேள்வியும், அதன் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்களும் இருந்தன. சேலத்துப் பக்கத்து டிரைவர் ஒருவர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். “தம்பி, ஆக்ஸிடென்ட் கேஸ் இன்னும் முடியலை, எதுல டிக் போடறது?” என்று கேட்டார். “பெண்டிங்னா ஆம்தாண்ணே” என்றான் குமாஸ்தாப் பையன். திருடனுக்கும் கொலைகாரனுக்கும் அவருக்கும் அந்தக் காகிதத்தில் ஒரே கட்டம்தான்.

விபத்து வழக்கு எப்படிப் பிறக்கிறது என்பதை நெடுஞ்சாலையோரத்துக் காவல் நிலையத்தை அறிந்த எவரும் அறிவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கோரும் குடும்பம், எதிர் வண்டியை ஓட்டியவனின் அஜாக்கிரதையைக் காட்டியாக வேண்டும். அதற்கு முதல் சாட்சியம் முதல் தகவல் அறிக்கை. ஆகவே, தவறான திசையில் வந்த ஸ்கூட்டர் லாரியின் பக்கவாட்டில் தானே வந்து மோதியிருந்தாலும், இறந்தவனின் மனைவி மக்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்கட்டும் என்ற இரக்கத்தாலும், பெரிய வண்டிதான் குற்றவாளி என்ற பழக்கத்தாலும், புகார் பெரும்பாலும் லாரிக்காரன் பேரிலேயே எழுதப்படுகிறது. அந்த இரக்கத்தை நான் குறை கூறவில்லை; ஆனால் ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்காகத் திறக்கப்பட்ட அந்தக் கதவு, பின்னால் வேறொரு குடும்பத்தின் ஜீவனத்தின்மேல் சாத்தப்படுவதைத்தான் குறை கூறுகிறேன். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டாயிருந்த தண்டனை, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டாகிவிட்டபடியால் பயமும் பெருகியிருக்கிறது.

வழக்கு சீக்கிரம் முடிகிறதா என்றால் அதுவுமில்லை. வாய்தாவுக்கு வாய்தா லோடை விட்டுவிட்டு வந்து நிற்க முடியாமல், காயத்தோடு போன சிறு வழக்கானால், “ஒத்துக்கொண்டு ஃபைனைக் கட்டிவிட்டுப் போ” என்ற யோசனைக்குத் தலையாட்டுகிறவர்கள் பலர். அன்றோடு சந்தேகம் தண்டனையாகப் பதிவாகிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கை ஒன்றையே ஆதாரமாக வைத்து லைசென்ஸை முடக்கலாகாதென்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. அரசாங்க அதிகாரிக்கு விதிக்கப்பட்ட இந்தக் கட்டுப்பாட்டைக் கிடங்கின் மனிதவளப் பிரிவு தனக்கும் விதித்துக்கொள்வதாகக் காணோம்.

இதன் விளைவு விசித்திரமானது. இருபது வருஷம் கன்டெய்னர் ஓட்டியவனுக்கு ஒரு வழக்காவது இருக்க வாய்ப்புண்டு. நேற்று ஹெவி எடுத்தவனுக்கு இராது. காகிதம் பின்னவனைத் தேர்ந்தெடுக்கிறது. தள்ளப்பட்டவன் தொழிலை விட்டுவிடுகிறானா? இல்லை. புக்கிங் ஆபீஸ் மூலம் மார்க்கெட் வண்டியில் ஏறுகிறான், அல்லது ஆக்டிங் டிரைவராகப் போகிறான். தீபாவளிக்கு முன் லோடு குவியும்போது அதே கிடங்கு, அதே கேட்டில், புரோக்கர் அனுப்பிய அவன் வண்டியைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறது. இப்படி நடக்கும் சோதனை எவன் உயிரைக் காக்கிறது? விபத்து நேர்ந்தபின் வக்கீலிடம் காட்டுவதற்கு ஒரு ஃபைலைத்தான் அது காக்கிறது.

அமெரிக்காவில் இதைவிடக் கடுமையாகவே விசாரிக்கிறார்கள். கடந்த 3 ஆண்டுகளில் வேலை கொடுத்தவர்களிடமிருந்து டிரைவரின் விபத்து விவரங்களைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது அங்கே மத்திய அரசின் விதி. ஆனால் வந்த பதிலைப் பார்வையிடவும், பிழையிருந்தால் திருத்தக் கோரவும், தன் மறுப்பை எழுதி அதனோடு சேர்க்கவும் டிரைவருக்கு உரிமை உண்டென்பதும் அதே விதியில் இருக்கிறது. கிடங்குகளுக்காகப் பின்னணி சரிபார்க்கும் நம் பக்கத்து ஏஜென்சிகள் அந்த விதியில் முதற்பாதியை மட்டுமே படித்திருக்கின்றன போலும். இங்கே டிரைவருக்குக் கிடைப்பது, “நாங்க கூப்பிடுறோம்ணே” என்ற ஒரு வாக்கியந்தான்.

படிவம் கேட்காமல் விடும் கேள்வியும் ஒன்றுண்டு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையென்று 1961-லேயே வகுத்தது. ஆயினும் முந்தின இரவு எங்கே தூங்கினாய், தூங்கினாயா என்ற கேள்விக்கு நான் பார்த்த படிவத்தில் கட்டமில்லை. அதைக் கேட்டால் டிரிப்பை அவசரப்படுத்தியவர்கள் பதில் சொல்லவேண்டி வரும்.

கிடங்கு நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் பெரிதன்று. “வழக்கு உண்டா?” என்ற வரியை அடித்துவிட்டு, “என்ன வழக்கு, என்ன தீர்ப்பு?” என்று அச்சிடுங்கள், ஏஜென்சி அனுப்பும் அறிக்கையின் நகலை அந்த டிரைவர் கையிலும் கொடுங்கள். அதைச் செய்யும்வரை பதாகையைக் கழற்றி வைப்பது மரியாதை.