கரிசல் நிலமும் கலியாணத் திருக்கோலமும்

இறைவன் திருவுருவம் கல்லினும் செம்பினும் மட்டுமன்றி வண்ணத்தினும் அமையும் என்பது சிற்ப நூலோர் துணிபு. முற்றுருவாய் நிற்பது சித்திரம். பாதி புடைத்துத் தோன்றுவது சித்திரார்த்தம். சுவரினும் துகிலினும் எழுதப்படுவது சித்திராபாசம் என அவர் மூவகைப்படுத்தினர். ஆதலின் எழுதிய படத்தை வெறும் அலங்காரப் பொருளென்று சைவர் ஒதுக்குதல் பொருந்தாது. அது நூல்வழி நிற்கின்றதோ, காண்பார் உள்ளத்தை அருள்வழிச் செலுத்துகின்றதோ என ஆராய்தலே கடன்.

இவ்வாராய்ச்சிக்குத் தக்க பொருளாய் அமைவன கோவிற்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) எழுதிய படங்கள். அவர் சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்திற் சிறிது காலம் தங்கியவர். பின்னர் நாடகக் குழுவிற்குத் திரை எழுதியவர். அக்குழு 1942-இல் கோவிற்பட்டியிற் கலைந்தபொழுது அவ்வூரிலேயே மாணாக்கருடன் தங்கினார். அவர்தம் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வாயிலாக நாட்காட்டிகளாய் இல்லந்தோறும் சென்றன.

அவற்றுட் சிறந்தது மீனாட்சி கலியாணம். அங்கயற்கண்ணி நாணித் தலைதாழ்ந்து நிற்ப, திருமால் அவள் கரத்தைச் சோமசுந்தரர் கரத்திற் சேர்ப்பிக்கும் காட்சி அது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துத் திருமணப் படலமே இதற்கு வேர். மதுரைக் கம்பத்தடி மண்டபத்துச் சிற்பமும் இக்கோலத்தையே காட்டும். எனினும் கல் காட்டவியலாத ஒன்றை ஓவியம் காட்டிற்று. அஃது அம்மையின் மரகத நிறம். திக்குவிசயத்தில் மறம் மிக்கு நின்ற தடாதகை, தலைவனைக் கண்ட அளவில் நாணம் உற்றமை அப்பசுமையின் மென்மையாற் புலனாகின்றது. செய்யுள் பல அடிகளால் உணர்த்துவதை வண்ணம் ஒரு நோக்கில் உணர்த்துதல் ஈண்டுக் காண்க.

தைலவண்ண முறையை நம் நாட்டிற் பரப்பிய இரவிவர்மர் (1848–1906) ஒருபுறத்து ஒளியும் மறுபுறத்து நிழலும் காட்டித் தெய்வங்களை மானிட உடம்பினராக எழுதினார். கொண்டையராஜு அம்முறையின் திரட்சியைக் கொண்டும் அதன்கண் முற்றும் அடங்கிலர். அவர் மூர்த்தங்கள் காண்பானை நேர்நோக்கி நிற்பன. ஒளி புறத்தினின்று வீழ்வதாகாது மேனியினின்றே எழுவது போலத் தோன்றும். இறைவன் திருமேனி வினையால் வந்ததன்று, அருளால் கொண்டது என்னும் சித்தாந்தக் கொள்கைக்கு இஃது இயைபுடையதாம்.

அற்றேல், கரிசற்காட்டில் வாழ்ந்தும் அந்நிலத்தை எழுதாது தாமரைத் தடாகமும் நீல மலையும் எழுதியது இயற்கைக்கு மாறன்றோ எனின், ஒருவகையான் அன்று. மூர்த்தத்தை எழுதுவோன் தியானத்தைப் பின்பற்றுவானேயன்றித் தன் ஊரைப் பின்பற்றான். மேலும், கோடையில் வெடித்துக் கிடக்கும் மண்ணில் ஐப்பசி மழையை நோக்கிப் பருத்தி விதைத்திருப்பானுக்கு அம்மையின் பசுமை மழையின் பசுமையேயாம். அவ்வூர்க் கோயில்கொண்ட தேவியும் செண்பகவல்லி எனப் பூவின் பெயரே பூண்டு விளங்குகின்றாள். வறண்ட நிலம் விழைவது பசுமையையன்றோ!

எனினும் ஒரு குறை ஒழிந்திலது. அவர் வழியினர் எழுதிய படங்களின் பின்புலம் பெரும்பாலும் நாடகத் திரையினின்று வந்தது, கண்டெழுதியதன்று. நிலமும் அட்டமூர்த்தத்துள் ஒன்று என்பது நம் நூல்களின் முடிபு. கம்பும் சோளமும் விளையும் கரிய மண்ணும், உடைமரமும் பனையும் இறைவன் திருமேனிக்குப் புறம்பாதல் எங்ஙனம்? அணித்தேயுள்ள கழுகுமலையில், எட்டாம் நூற்றாண்டுச் சிற்பி வெட்டுவான் கோயிலை அம்மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து ஆக்கினான். வேற்றிடத்துக் கல்லை அவன் நாடவில்லை. அக்கல்லினுள்ளேயே மத்தளம் முழக்கும் தக்கிணாமூர்த்தியைக் கண்டான். எழுத்துலகில் இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் கரிசலைக் கதையுள் ஏற்றினார். தெய்வ ஓவியமோ அந்நிலத்திற் பிறந்தும் அதற்கு இடந்தரவில்லை.

ஆண்டு கழியின் தாள் மாறும். ஆயினும் பூசையறையிற் சட்டமிட்ட படம் நீங்காது. கோயிலை அரனெனவே தொழுக என்று விதிக்கும் சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரத்தின் கருத்தை உணர்ந்தோர் அப்படத்தை எளிதென இகழார். இனி எழுதுவோர் அத்திருக்கோலத்தின் அருளொளியைக் காத்து, அடியில் தம் காலடிமண்ணையும் எழுதுவாராயின், கலை நிறைவுறும். நிலமும் தன் தலைவனைத் தன்னிடத்தே காணும்.