நஷ்டக் கணக்கே இல்லாத நாயகன்

பேட்ரிக் ராத்ஃபஸ்ஸின் 'த நேம் ஆஃப் த விண்ட்' நாவலை ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கொடுத்தபோது நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. தெர்மோடைனமிக்ஸ் பரீட்சைக்கு முந்தின வாரம். படித்திருக்கக் கூடாது, படித்தேன். 2007இல் வந்த அந்த நாவல் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, அதில் வரும் மாயவித்தை. 'சிம்பதி' என்று பெயர். இரண்டு நாணயங்களை மனத்தால் இணைத்து ஒன்றைத் தூக்கினால் மற்றதும் எழும்பும். ஆனால் தூக்குகிற கைக்கு இரண்டின் கனமும் தெரியும். போதாததற்கு இணைப்பிலும் கொஞ்சம் சக்தி வீணாகும். இரண்டு பொருளும் ஒன்றுபோல இல்லையென்றால் இன்னும் அதிகமாக வீணாகும். சொந்த உடம்புச் சூட்டை எடுத்து வித்தை செய்தால் குளிரில் விறைத்துப் போகலாம். எந்த எஞ்சினும் போட்டதை முழுசாகத் திருப்பித் தராது என்று வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டு, பணம். நாயகன் க்வோத், பெற்றோரையும் அவர்களுடைய நாடகக் குழுவையும் கொலைக்குப் பறிகொடுத்த அநாதை. அவன் சேரும் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பருவமும் ஆசிரியர்கள் முன்னால் நேர்காணல் நடக்கும். சொல்லும் பதிலைப் பொறுத்துக் கட்டணம் ஏறும், இறங்கும். பணம் போதாமல் வட்டிக்கு விடும் டெவியிடம் தன் ரத்தத்தையே ஈடாகக் கொடுக்கிறான். பிடிபிடிஎன் கடன் கணக்கில் விழும் நாளை எண்ணிக்கொண்டு மேகியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட்ட எனக்கு, நாவலில் வரும் எந்த அரக்கனையும்விட அந்த நேர்காணல்தான் பயங்கரமாக இருந்தது.

இரண்டாம் பாகமான 'த வைஸ் மேன்ஸ் ஃபியர்' (2011) என் முதல் சம்பளத்தில் வாங்கிய புத்தகம். கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம். முடித்துவிட்டு ஏமாந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நன்றாக எழுதப்படாத புத்தகம் இல்லை அது. வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் ராத்ஃபஸ் இதிலும் கெட்டிக்காரர்தான். பின்னே என்ன குறை?

கதையின் நடுவில் க்வோத் கடல்வழியாக செவரென் நகருக்குப் போகிறான். புயல், கடற்கொள்ளை, கப்பல் உடைவது எல்லாம் நடக்கிறது. இருப்பதையெல்லாம் இழந்து வெறுங்கையோடு கரையேறுகிறான். இது எத்தனை பக்கம்? சில வரிகள். பிறகு ஃபெலூரியன் என்ற மோகினியிடம் மாட்டுகிறான். அவளிடம் போனவன் செத்துப்போவான், இல்லை பைத்தியமாவான். இவனோ அவளையே ஜெயித்து, அவள் நெய்து கொடுத்த மேலாடையோடு திரும்புகிறான். இதற்கு அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. அங்கே அவன் நீண்ட காலம் இருந்தும் வெளியே மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது. காலத்தில்கூட அவனுக்கு நஷ்டம் இல்லை!

அடுத்து ஆடெம் மக்களிடம் போர்க்கலை. அங்கே சின்னப் பெண் ஒருத்தியிடம் தோற்கிறான், அது நல்ல இடம். ஆனால் அவர்கள் சிறுவயதிலிருந்து பழகுவதைச் சில மாதத்தில் கற்று, வாளும் பெற்றுக் கிளம்பிவிடுகிறான். வழியில் சந்திக்கும் பெண்கள் அவனுடைய சாதனைப் பட்டியலில் இன்னும் சில வரிகள்.

எனக்கு ரொம்பவும் வலித்தது கடைசியில் வருவது. பிரபு ஒருவர் அவன் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறார். க்வோத் பல்கலைக்கழகக் கணக்கருடன் பேசி, கட்டணம் ஓர் அளவுக்கு மேல் போனால் மிச்சத்தில் பாதி தனக்கு என்று ஏற்பாடு செய்கிறான். அப்புறம் வேண்டுமென்றே நேர்காணலில் சொதப்புகிறான். சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் முதல் பாகத்தில் என் வயிற்றைக் கலக்கிய அந்த அறை இங்கே ஒரு ஜோக்காகிவிட்டது. வறுமை அவன் குணத்தில் ஒரு கீறலும் விட்டுப்போகவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல அணைந்துவிட்டது.

புத்தகம் கொடுத்த அதே நண்பன் சொன்னான்: "மச்சான், கதையைச் சொல்றதே க்வோத்துதான். பெருமை அடிக்கிறான். இப்ப சத்திரம் நடத்திக்கிட்டு எல்லாத்தையும் இழந்து உட்கார்ந்திருக்கானே, அதுதான் நஷ்டம். மூணாவது பாகம் வரட்டும், புரியும்."

நியாயமான வாதம். சத்திரத்துப் பகுதிகள்தான் எனக்கும் இன்னும் பிடிக்கும். இரண்டு சிப்பாய்களிடம் அவன் அடிவாங்கும் இடம் மனசை விட்டுப் போகவே இல்லை. ஆனால் அங்கே தெரிவது நஷ்டத்தின் முடிவு மட்டும். அது எப்படி வந்தது என்பதை இரண்டு பாகமும் காட்டவில்லை. மூன்றாவது பாகம் இன்னும் வரவும் இல்லை. வராத புத்தகத்தின் பேரில் வந்த புத்தகத்துக்குக் கடன் கொடுக்க முடியாது.

ராத்ஃபஸ்ஸால் முடியாது என்றும் இல்லை. காட்டில் கொள்ளைக்காரர்களை அழிக்க, செத்த ஒருவனின் உடம்பை இணைப்பாக்கி அதைக் கத்தியால் குத்துகிறான் க்வோத். தூரத்தில் ஆட்கள் விழுகிறார்கள். கூட வந்தவர்களே அவனைப் பார்த்து மிரள்கிறார்கள், அவன் உடம்பும் குளிர்ந்துபோகிறது. அந்த ஒரு ராத்திரி, வித்தையின் விதியும் மனிதனின் விதியும் ஒன்றாக இருக்கின்றன. நாணயத்துக்குப் போட்ட சட்டத்தை நாயகனுக்கும் போட்டிருந்தால் ஆயிரம் பக்கமும் இப்படி இருந்திருக்கும்.

தம்பிமார் யாராவது கேட்டால் முதல் பாகத்தை இன்னும் கொடுக்கிறேன். பரீட்சை வாரமாக இருந்தால், முடிந்தபிறகு வாங்கிக்கொள் என்பேன். இரண்டாவதைக் கேட்டால் அந்தக் காட்டு அத்தியாயங்களுக்கு ஒரு தாள் வைத்துக் கொடுக்கிறேன். மற்றதை அவர்களே படித்துச் சண்டைக்கு வரட்டும்.