வள்ளி திருமணம்: ஓர் இசை நாடகத்தின் நிலைபேறு பற்றிய சில சிந்தனைகள்

1

கலைப் படைப்புகள் தாம் தோன்றிய சமூக நிலைமைகள் மறைந்தொழிந்த பின்னரும் மக்களுக்கு இன்பம் பயப்பது எங்ஙனம் என்னும் வினாவை, 1857ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரையொன்றில் கார்ல் மாக்ஸ் எழுப்பினார். கிரேக்கக் கலை ஒரு குறிப்பிட்ட சமூக வளர்ச்சிக் கட்டத்தோடு பிணைந்தது என்பதை விளக்குவது அவருக்குக் கடினமாகத் தோன்றவில்லை. அது இன்றும் நம்மைக் கவர்வதேன் என்பதே கடினமாகத் தோன்றிற்று. மனித குலத்தின் மீளாக் குழந்தைப் பருவம் அக்கலையில் ஒளிர்வதே கவர்ச்சிக்குக் காரணம் என அவர் விடை காண முயன்றார்.

தமிழ் அரங்கை ஆராய்வோரும் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) யாத்த இசை நாடகங்களுள் 'வள்ளி திருமணம்' நூறாண்டுகள் கடந்தும் ஆடப்பட்டு வருகின்றது. அந்நாடகத்தை ஈன்ற கம்பனி முறை அழிந்துவிட்டது. கொட்டகைகள் திரையரங்குகளாயின, பின்னர் அவையும் மூடப்பட்டன. ஆயினும் கோயில் முன்றலில் ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கியதும் சனங்கள் பாயை விரித்து அமர்கின்றனர்.

இதற்கு நம்மிடையே இரு விடைகள் வழங்குகின்றன. முருக பக்தியே காரணம் என்பது ஒன்று. இசையே காரணம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பக்தியே காரணமாயின் சூரபத்மன் வதையும் இதே அளவிற்கு விரும்பப்படுதல் வேண்டும். இசையே காரணமாயின் அதே மெட்டுகளில் அமைந்த பிற நாடகங்கள் மறக்கப்பட்டமைக்கு விளக்கமில்லை. முற்போக்காளர் சிலர் மூன்றாவதாக ஒரு விடை கூறுவர்: இது நிலவுடைமைச் சமூகத்தின் கனவு, மக்கள் மயக்கத்தில் ஆழ்ந்துள்ளனர். இவ்விடை எளிது, ஆனால் மக்களை அறிவிலிகளாக்கிப் பெறும் விடை மாக்ஸியமாகாது.

எமது கருத்து வேறு. வள்ளியின் கவர்ச்சி கடந்துபோன குழந்தைப் பருவத்தின் கவர்ச்சியன்று; இன்னும் தீராத ஒரு முரண்பாட்டின் கவர்ச்சி. இதனைத் திருகோணமலை மண்ணில் நின்று நோக்க விழைகின்றோம். இம்மாவட்டத்தின் தென்னெல்லையில் வெருகலில் முருகன் கோயில் கொண்டுள்ளான்; அதே நிலப்பரப்பில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். கதையில் வரும் இரு தரப்பினரும் அருகருகே உள்ள இடத்தில் அக்கதையைப் பொதுப்படையாகப் பேசித் தப்ப முடியாது.

2

வள்ளி கதை தமிழிற் பழமையானது. நற்றிணையின் 82ஆம் பாட்டு முருகனைக் கூடிய வள்ளியைக் குறிப்பிடுகின்றது. பரிபாடல் அவளைத் தேவசேனையோடு எதிர்நிறுத்திக் களவின் சிறப்பைப் பேசுகின்றது. களவு, தினைப்புனங் காவல், உடன்போக்கு எனக் குறிஞ்சித் திணையின் கூறுகள் அனைத்தும் இக்கதையில் உயிரோடுள்ளன.

பின்னர் கச்சியப்பரின் கந்தபுராணத்தில் இக்கதை பெருந்தெய்வ நெறிக்குள் அமைக்கப்படுகின்றது. அங்கு வள்ளி பிறப்பால் வேடுவச்சியல்லள். மான் வயிற்றுதித்து, வேடர் கண்டெடுத்து வளர்த்தவள். முற்பிறப்பில் திருமாலின் மகள். உயர்ந்த தெய்வம் தாழ்ந்த குலத்திற் பெண் கொண்டமை உறுத்தலாகத் தோன்றிய ஒரு சமூகம், பெண்ணின் பிறப்பை மாற்றி எழுதி அவ்வுறுத்தலை ஆற்றிக்கொண்டது. ஆயினும் பழைய வடு முற்றாக மறையவில்லை. தான் இழிகுலத்தவள், இவ்வுறவு தகாது என வள்ளி கூறுவதைக் கச்சியப்பரே பாடியுள்ளார். உடன்போக்கின் பின் வேடர் படை திரண்டு துரத்துவதும், அவர்கள் மாண்டு வீழ்வதும், வள்ளியின் கையால் மீண்டும் உயிர் பெறுவதும், அதன் பின்னரே சீறூரில் மணம் நிகழ்வதும் அப்படலத்தில் உள்ளன. குல மீறல், உறவினரின் ஆத்திரம், குருதி, சமாதானம் என்னும் வரிசை இது. சமாதானம் மட்டுமே அற்புதம். ஏனைய மூன்றும் நாம் நாளிதழில் வாசிப்பவை.

ஈழத்தில் கந்தபுராணம் பெற்ற இடம் யாவரும் அறிந்ததே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' எனப் பெயரிட்டு வழங்குமளவிற்கு அந்நூல் யாழ்ப்பாண வாழ்வை ஆட்கொண்டது. ஆயின் கோயிலில் ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனம் மரபாகக் கற்றறிந்த ஆடவருக்குரியதாயிருந்தது. அங்கு வள்ளி பேசப்படுகின்றாள். இசை நாடகத்திலோ வள்ளி பேசுகின்றாள். இம்மாற்றமே எமது ஆய்வுக்குரியது.

3

இம்மாற்றத்தை விளைவித்தது தனியொரு கவிஞரின் மேதைமை மட்டுமன்று. பார்சி நாடகக் குழுக்களின் வழிவந்த கொட்டகை அரங்கு, நாடகத்தைக் கட்டணம் செலுத்திக் காணும் பண்டமாக்கியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பற் போக்குவரத்து தென்னிந்தியக் கலைஞருக்கு இலங்கையை எளிதில் எட்டும் சந்தையாக்கிற்று. கூலி பெற்று உழைப்போரும் சிறு வணிகரும் எழுதுவினைஞரும் புதிய பார்வையாளராயினர். குலமுறைப்படி கோயில் முன்றலில் இடம் பெற்றவர்களோடு, காசு கொடுத்து இடம் பெற்றவர்களும் இப்போது நாடகம் பார்த்தனர்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் வள்ளியாக நடித்தவர் சிறுவரே. பின்னர் பெண்கள் அவ்வேடத்தை ஏற்றபோது நாடகத்தின் பொருள் ஆழமடைந்தது. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் இணைந்து புகழ் பெற்றது 1926 அளவில் இலங்கை மேடையிலே. நாடகம் 'வள்ளி திருமணம்'. அடுத்த ஆண்டில் இருவரும் மணந்தனர். கிட்டப்பா அந்தணர், ஏற்கெனவே மணமானவர். சுந்தராம்பாள் கொடுமுடியில் வறுமையிற் பிறந்தவர். மேடையில் மலைக்குறவன் மகளைத் தேவர் வாழ்த்தி ஏற்றனர். மேடைக்கு வெளியே அவ்வாழ்த்து எளிதிற் கிட்டவில்லை. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. 1933இல் கிட்டப்பா இருபத்தேழாம் வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் 1980இல் இறக்கும் வரை வெண்ணிற ஆடையே உடுத்தார்.

இது தனி மனித சோகம் மட்டுமன்று. மதுரை வட்டார ஸ்பெஷல் நாடக நடிகரைப் பற்றி சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, மேடையில் தெய்வ வேடம் புனையும் பெண்ணுக்குத் தெருவிற் கிடைக்கும் இழிசொல்லை விரிவாகப் பதிவு செய்துள்ளது. ஈழத்திலும் இசை நாடகத்தை வளர்த்தோருட் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்டோரே. காதலைப் பாடுவோர்க்கு மதிப்பில்லை. பாடப்படும் காதலுக்குக் கண்ணீரும் கைதட்டலும் உண்டு. சமூகம் தான் வாழ்வில் மறுப்பதைக் கலையில் விலை கொடுத்து வாங்குகின்றது.

4

இனி நாடகத்தின் அமைப்பை நோக்குவோம். நம்பிராஜன் மகளைத் தினைப்புனங் காக்க அனுப்புகின்றான். பரண் மீதேறி அவள் ஆலோலம் பாடிக் கிளி கடிகின்றாள். நாரதர் வந்து மணம் பற்றிப் பேச, வள்ளி தர்க்கிக்கின்றாள். முருகன் வேடனாக வருகின்றான், மீண்டும் தர்க்கம். விருத்தனாக வருகின்றான், தேனும் தினைமாவும் உண்கின்றான். யானை வருகின்றது, அஞ்சியவள் கிழவனைத் தழுவுகின்றாள். உருவம் வெளிப்படுகின்றது, மணம் நிகழ்கின்றது.

இதில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தலைவி தொழில் செய்யுமிடத்தில் அறிமுகமாகின்றாள். ஆலோலம் அடிப்படையில் ஒரு தொழிற்பாடல். பறவை ஓட்டும் உழைப்பின் ஓசை. உழைப்பின் களத்திலேயே காதலும் பிறக்கின்றது. சேனைப் பயிருக்குக் காவலிருந்து விடியும்வரை குரல் கொடுத்த அனுபவமுடைய கீழ்மாகாண உழவர்க்கு அப்பரண் புராணப் பொருளன்று.

இரண்டாவது, பெயர் 'திருமணம்' ஆயினும் திருமணம் இரவின் இறுதியில் விரைந்து முடிந்துவிடும் ஒரு சடங்கே. இரவின் பெரும்பகுதியை நிரப்புவது வள்ளியின் மறுப்பு. தான் மனத்தால் வரித்தவனையன்றிப் பிறரை ஏலாள் என்னும் ஒரு நிலைப்பாட்டை, மூத்தோரிடமும் முனிவரிடமும் ஆயுதம் தாங்கி வந்தவனிடமும் அவள் வாதிட்டுக் காக்கின்றாள். பாடல்கள் சுவாமிகள் யாத்தவை. ஆனால் தர்க்கத்தின் உரையாடல் நடிகரின் உடனடிப் படைப்பு. வள்ளியாக வருபவர் சோர்ந்தால் நாரதர் வென்றுவிடுவார். எனவே ஒவ்வோர் இரவும் பெண்ணொருத்தியின் சொல்வன்மை மெய்யாகவே சோதனைக்குள்ளாகின்றது. திருகோணமலையில் நாம் சிறுவராயிருந்த காலத்தில், திருவிழா இரவுகளில் தூங்கி விழும் முதிய பெண்கள் தர்க்கம் தொடங்கியதும் எழுந்தமர்ந்தது நினைவிருக்கின்றது. மணக்காட்சிக்கு அவர்கள் காத்திருப்பதில்லை. தம் மணத்தின்போது ஒரு சொல்லும் கேட்கப்படாதவர் அவர்களுட் பலர்.

எனினும் இந்நாடகத்தைப் பெண் விடுதலைக் காவியமாகப் போற்றுவதும் பிழையே. வாதத்தால் வெல்ல முடியாதவளை யானையைக் கொண்டு அச்சுறுத்திப் பெறும் இணக்கம் இணக்கமாகுமா? வேடம் புனைந்து ஏமாற்றுவோன் தெய்வமாதலால் அவ்வேமாற்று விளையாடலாகின்றது. இதனினும் முக்கியமானது, மணத்திற்குத் தடையாயிருந்த குல வேற்றுமையை நாடகம் தீர்க்கவில்லை. மணமகன் முருகனாக வெளிப்பட்டமையால் அவ்வேற்றுமை கேட்கப்படாது விடப்படுகின்றது. வந்தவன் வேறு குலத்து வெறும் மனிதனாகவே இருந்திருந்தால்? 2016இல் உடுமலைப்பேட்டையில் சாதி கடந்து மணந்த இளைஞரொருவர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கு வீழ்ந்தவரை உயிர்ப்பிக்க எவருமில்லை. வள்ளியின் காதலுக்குக் கைதட்டும் சமூகமும், தன் வீட்டு வள்ளியைத் துரத்தும் சமூகமும் ஒன்றே. அம்முரண்பாடு வாழ்வில் தீராதிருக்கும்வரை, அது தீர்ந்ததுபோற் காட்டும் கலைக்குத் தேவை இருந்துகொண்டேயிருக்கும்.

5

திருகோணமலையின் இலக்கிய மரபு இம்முரண்பாட்டை இருவகையில் எதிர்கொண்டுள்ளது. தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய 'வெருகல் சித்திரவேலாயுதர் காதல்', முருகன்பாற் காதல் கொண்ட பெண்ணைப் பாடும் பிரபந்தம். அங்கு பெண்ணின் வேட்கை தெய்வத்தை நோக்கியதாதலால் அனுமதிக்கப்படுகின்றது. இதற்கு மாறாக, இந்நகர் ஈன்ற தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் 'தத்தை விடு தூது' பாடினார். பெண்ணுக்குக் கல்வியும், தன் துணையைத் தானே தெரியும் உரிமையும் வேண்டும் என அந்நூல் வாதிடுகின்றது. 1895இல் 'மோகனாங்கி' நாவலை எழுதியவரும் அவரே. தினைப்புனத்தில் வள்ளி விரட்டிய கிளியை, இவர் அழைத்துப் பெண்ணின் விடுதலைக்குத் தூதாக்கினார் எனலாம். தெய்வத்தின் துணையின்றி அதே கோரிக்கை மனிதமொழியில் எழுந்தது. ஆயினும் மக்கள் நினைவில் நின்றது வள்ளியே. தத்தை நூலகத்தில் உள்ளது. அக்கோரிக்கையை ஏற்கும் சமூக ஆற்றல் அக்காலத்தில் முதிரவில்லை என்பதன்றி இதற்கு வேறு விளக்கமில்லை.

வேடர் பற்றியும் கூறல் வேண்டும். கதிர்காமத்தில் ஆடித் திருவிழாவின்போது முருகன் வள்ளியின் கோயிலுக்கு ஊர்வலமாகச் செல்கின்றான். சிங்களரும் தமிழரும் வேடரும் அவளைத் தம்மவளாகக் கொள்கின்றனர். வடக்கிலிருந்து திருகோணமலை, வெருகல் வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகர், வள்ளியின் இனத்தார் எனப்படுவோரின் ஊர்களினூடே நடக்கின்றனர். அவ்வூர்களோ வறுமையும் நிலமின்மையும் சூழ்ந்தவை. 2006இல் போர் மீண்டும் மூண்டபோது மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று, வெருகல் பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களுள் வேடரும் இருந்தனர். மருமகன் தெய்வமானான், மாமனார் வீடு மரநிழலாயிற்று.

6

முற்போக்கு அரங்கு இந்நாடகத்தை என் செய்வது? தூக்கியெறிதல் மக்களின் வேட்கையைத் தூக்கியெறிவதாகும். மாறாது பேணுதல் அருங்காட்சியக வேலையாகும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மீட்டெடுத்தபோது, 'இராவணேசன்' வாயிலாகப் பழைய பகைவனொருவன் அவல நாயகனானான். மரபு தன் உள்ளிருந்தே மாறக்கூடியது என்பதற்கு அது சான்று. வள்ளி திருமணத்தில் அவ்வாசல் ஏற்கெனவே திறந்துள்ளது, தர்க்கம் எழுதப்படாதது. நிலம், சீதனம், சாதி, கல்வி ஆகிய இன்றைய கேள்விகள் யாவற்றையும் பரண் மேல் நிற்பவள் கேட்கலாம். வேடர் ஆரவாரிக்கும் கூட்டமாக அன்றி மகளை இழப்போராக, நிலத்தை இழப்போராகப் பேசலாம். சுவாமிகளின் ஒரு பாடலும் சிதைய வேண்டியதில்லை.

மாக்ஸின் வினாவிற்கு இந்நாடகத்தைப் பொறுத்தவரை எமது விடை இதுவே: சில கலைகள் கடந்த காலத்தின் எழிலால் நிலைக்கின்றன, சில, நிகழ்காலம் தான் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாமையால் நிலைக்கின்றன. வள்ளி திருமணம் இரண்டாவது வகையினது. மனிதர் மனிதரைத் தடையின்றி மணக்கும் சமூகமொன்று உருவாகுமாயின் அக்காலத்தும் இந்நாடகம் ஆடப்படலாம். அன்று அதனைக் காண்போர் இசையின் இனிமைக்காகக் காண்பர். இன்று காண்போர் விடைக்காகக் காண்கின்றனர்.