முன்வாசல் காவல்

ஒரு வலைச் செயலிக்குப் பின்னால் இருபது சிறு சேவைகள் இயங்கினால், வருபவர் யார் என்று இருபது இடங்களிலும் கேட்பது வீண்வேலை. ஒன்றில் மறந்தாலும் ஓட்டை. எல்லாக் கோரிக்கைகளும் முதலில் வந்துசேரும் ஏபிஐ கேட்வே அந்தக் கேள்வியை முன்வாசலுக்கே கொண்டுவந்துவிடுகிறது. வருபவர் காட்டும் அடையாளச் சீட்டான டோக்கனின் கையொப்பத்தையும் காலாவதியையும் அதுவே சரிபார்க்கிறது. அடையாளம் செல்லாவிட்டால் 401, அனுமதி இல்லாவிட்டால் 403, அளவுக்கு மீறிக் கேட்டால் 429 என மறுப்புக்கும் காரணம் சொல்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2013இல் தன் ஸூல் கேட்வேயைத் திறமூலமாக வெளியிட்டது. 2015இல் அமேசான் ஏபிஐ கேட்வேயைத் தனிச் சேவையாகவே விற்கத் தொடங்கியது. இந்த வேலையைப் பிரித்தெடுக்கும் தேவை எவ்வளவு பரவலானது என்பதற்கு இவை சான்று.

ஒரே வாசல் விழுந்தால் எல்லாம் முடங்குமே என்பார்கள். உண்மைதான், அதனால்தான் கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் பல பிரதிகளாக அதை ஓட்டுகிறார்கள். உள்ளே போனவரை யார் கண்காணிப்பது என்பது இன்னும் கனமான கேள்வி. டோக்கன் செல்லும், ஆனால் அவர் கேட்கும் பில் அவருடையதுதானா என்பது பில் சேவைக்குத்தான் தெரியும். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2019, 2023 ஏபிஐ அபாயப் பட்டியல்கள் இரண்டிலும் இந்தச் சோதனையை விட்டுவிடும் பிழைக்கே முதலிடம். ஆகவே கேட்வே உள்காவலுக்கு மாற்று அல்ல. பொதுச் சோதனைகளை அது சுமப்பதால், ஒவ்வொரு சேவையும் தனக்கு மட்டுமே தெரிந்த கேள்வியைக் கவனமாகக் கேட்க முடிகிறது. அதன் மேன்மை அதுவே.