சீதாவின் நெஞ்சு

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) நுரையீரல் புற்றுநோயாளி ஒருவரின் கதை. ஆனால் படம் முடிந்ததும் மனதில் நிற்பது தேவிகாவின் கண்ணீர்தான். கணவன் வேணுவாக முத்துராமன். அறுவை செய்யும் மருத்துவராக, சீதாவின் முன்னாள் காதலராக, கல்யாண்குமார். நான் இறந்தால் அவரை மணந்துகொள் என்கிறான் வேணு. மறுமணத்தைக் கணவனே பேசுவது அன்றைக்குத் துணிச்சல். இருந்தும், சீதாவின் விருப்பத்தைக் கேட்காமலே அவள் வாழ்க்கை முடிவாகிறது. அவள் மறுப்பதும் கற்பாகவே போற்றப்படுகிறது. நோய் அவன் நெஞ்சில், சோதனை அவளுக்கு.

அறுவை வெற்றி பெறுகிறது. நோயாளி பிழைக்க, மருத்துவர் இறந்து தியாகியாகிறார்.

திருத்தங்கலில் பட்டாசுக் கலவைக்கும் ‘மருந்து’ என்றே பெயர். ஆலைக்குப் போகிறவளின் இருமலை ‘மருந்துத் தூசி’ என்று சொல்லி முடித்துவிடுவோம். மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், உடல் மெலிவு: காசநோயாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். புகைக்காத பெண்களுக்கும் இது வரும். எக்ஸ்ரேவுக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். தள்ளிப்போட்டால், வேணுவைக் காப்பாற்றிய அறுவைக்கான கட்டமே கடந்துவிடும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கினார். எட்டே ஆண்டுகளில் வந்த இந்தப் படத்தில் பெண்ணுக்குக் கிடைத்தது கட்டிலருகே அழும் இடம்.

கட்டிலில் கிடப்பவள் சீதாவானால், கூலியை விட்டு அருகில் உட்காருவது யார்? எங்கள் தெருவில் பெரும்பாலும் அவள் மகள்.