கழுத்தில் ஒரு எண், கையில் ஒரு புத்தகம்

குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு என்றால் பலருக்குச் சிரிப்பு வரும். பிரிட்டனில் அது சிரிப்புக்குரிய விஷயமில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் குதிரையை வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊர்ப் போட்டிக்குக் கொண்டுபோவதும் அங்கே சட்டப்படி குற்றம்.

அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு குதிரையின் கோட்டுருவம் இருக்கும். நெற்றிச் சுட்டி, காலில் ஏறிய வெள்ளை, ரோமச் சுழிகள் எல்லாவற்றையும் அதில் குறித்திருப்பார்கள். நம்மூரில் சுழி பார்த்துக் குதிரை வாங்குவது ராசிக்காக. அங்கே சுழி பார்ப்பது ஆள் மாறாட்டத்தைப் பிடிப்பதற்காக. ஆனால் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத செம்பழுப்புக் குதிரைகள் இரண்டைப் பக்கத்தில் நிறுத்தினால், படத்தை வைத்துக்கொண்டு எது எதுவென்று சொல்வது கடினம். அதனால்தான் 2009 ஜூலைக்குப் பிறகு பதிவாகும் குதிரைகளுக்குக் கழுத்தின் இடப்பக்கம், பிடரி மயிருக்குக் கீழே, அரிசி அளவு மைக்ரோசிப் செலுத்துவது கட்டாயமானது. 2020 அக்டோபரில் இங்கிலாந்து அதை எல்லாக் குதிரைகளுக்கும் விரித்தது. திருட்டுக் குதிரையைச் சந்தையில் தள்ளிவிடுவது இதனால் கடினமாகியிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் மறுக்க முடியாத பலன் அது.

அடையாளத்தைத் தாண்டி இன்னொரு சுமையையும் இந்தப் புத்தகத்தின் தலையில் ஏற்றினார்கள். சிக்கல் தொடங்கியது அங்கேதான். ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி குதிரைகளுக்குச் சர்வ சாதாரணமாகக் கொடுக்கப்படுவது. மனித உடலுக்கு ஆகாது. ஆகவே அதை உண்ட குதிரை இறைச்சிக்குப் போகக்கூடாது என்று பாஸ்போர்ட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் குதிரை இறைச்சி உண்பதில்லை. அங்கே வெட்டப்படுபவை பிரான்ஸ் போன்ற நாடுகளுக்குப் போகின்றன.

2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. பத்தில் குதிரையின் மரபணு. ஒன்றில் 29 சதவீதம். ஐரோப்பாவே கொந்தளித்தது. அது இறைச்சி வியாபாரிகளின் மோசடி, பாஸ்போர்ட்டின் குற்றமில்லை என்று வாதிடலாம். ஆனால் அதே சமயத்தில் பிரிட்டனில் வெட்டப்பட்ட 206 குதிரைகளைச் சோதித்தபோது எட்டின் உடலில் அந்த வலிநிவாரணி இருந்தது. காகிதத்தைக் காட்டாமல் எந்தக் குதிரையும் இறைச்சிக்கூடத்துக்குள் போயிருக்க முடியாது. அப்படியானால் காகிதம் என்ன சொன்னது? பாஸ்போர்ட் வழங்க எழுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள். அவற்றின் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்க ஒரே ஒரு தேசியத் தரவுத்தளம். அதையும் 2012இல் மூடியிருந்தார்கள். ஒரு குதிரைக்கு இரண்டு பாஸ்போர்ட் வாங்கினால் கண்டுபிடிக்க வழியில்லாமல் போயிற்று. பூட்டை மாட்டிவிட்டுச் சாவிக்கொத்தைத் தொலைத்த கதை. புதிய மையத் தரவுத்தளம் வந்தது 2018இல்தான்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே குதிரைகளுக்கு நாடு தழுவிய பாஸ்போர்ட் கிடையாது. மாநில எல்லை தாண்ட வேண்டுமானால் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் காகின்ஸ் சோதனை முடிவும் வேண்டும். லீராய் காகின்ஸ் 1970இல் உருவாக்கிய இந்த இரத்தச் சோதனை கேட்பது ஒரே கேள்வி: இந்தக் குதிரைக்குத் தொற்று இரத்தசோகை உண்டா? இருந்தால் மருந்தில்லை, கொல்ல வேண்டும், அல்லது மற்ற குதிரைகளிடமிருந்து 200 கஜம் தள்ளி ஆயுள் முழுக்கத் தனியே கட்ட வேண்டும். கண்டிப்பு பலன் தந்தது, நோய் அரிதாகிவிட்டது. ஆனால் பல மாநிலங்களில் ஒரு சோதனை முடிவு பன்னிரண்டு மாதம் செல்லும். ஜனவரியில் எடுத்த இரத்தம் நவம்பரின் நோயை எப்படிச் சொல்லும்? அண்மை ஆண்டுகளில் அங்கே பிடிபட்ட தொற்றுகளில் பெரும்பகுதி, அனுமதியற்ற பந்தயங்களில் ஓடிய குதிரைகளிடம் இருந்தது. ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் போட்டதால் பரவியது. சோதனைச் சீட்டு கேட்கும் வாசல் பக்கமே வராத கூட்டம் அது. ஒழுங்காக நடப்பவர் கட்டணம் கட்டுகிறார், நோய் வேறு பாதையில் ஓடுகிறது.

சான்றுகள் சரியாக இருந்தும் நாடே முடங்கியதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2007 ஆகஸ்டில் இறக்குமதிக் குதிரைகளோடு வந்த குதிரைக் காய்ச்சல் சுமார் பத்தாயிரம் பண்ணைகளைப் பிடித்தது. வந்தவை தடுப்பூசி போட்ட குதிரைகள், தனிமைப்படுத்தலும் நடந்தது. ஈஸ்டர்ன் கிரீக் தனிமை நிலையத்திலிருந்து மனிதர் மேலோ கருவிகள் மேலோ ஒட்டிக்கொண்டு கிருமி வெளியேறியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது விசாரணை அறிக்கை.

காகிதம் வெறும் அரசியலாவதும் உண்டு. அயர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றும் ஓர் ஒப்பந்தத்தின்கீழ் பந்தயக் குதிரைகளை எளிதாகப் போய்வர விட்டிருந்தன. 2020 முடிவில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளிலிருந்து வெளியேறியதும் இரத்தச் சோதனை, ஏற்றுமதிச் சான்று, எல்லைச் சாவடி ஆய்வு எல்லாம் வந்து சேர்ந்தன. முந்தின வாரம் போன அதே குதிரைதான், அதே கப்பல்தான். புதிதாக ஒரு நோயும் வந்துவிடவில்லை.

இந்தியாவின் குறை இதற்கு நேர்மாறு. குதிரையின் அடையாளத்தில் ஐயமில்லை. அது வாழும் இடம் நோயற்றது என்று உலகம் நம்பவில்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியில் குழுத் தங்கம் வென்ற இந்தியர்கள் ஏறியவை ஐரோப்பாவிலிருந்து போன குதிரைகள். மீரட் ராணுவக் கால்நடை மையத்தைக் குதிரை நோயற்ற வளாகம் என்று உலக விலங்கு நல அமைப்பு ஏற்றது 2025 ஜூலையில்தான். நாட்டிலேயே அத்தகைய முதல் வளாகம் அது.